கைமாறி வரும் ஜெர்மன் கார்



டில்லி மாநகரில் கரோல் பாக் என்னும் பகுதி பழைய மோட்டார் வண்டி வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. மாலை வேளையில் அத்தெருக்களில் நடப்போர், கழுவித் துடைத்து நிறுத்தப்பெற்ற வண்டிகளுக்கிடையே மூன்று முனை நட்சத்திரம் பொறித்தவற்றையும், நீலமும் வெள்ளையும் கலந்த வட்டம் பொறித்தவற்றையும், கோத்த நான்கு வளையங்கள் பொறித்தவற்றையும் காணாமல் செல்ல இயலாது. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி என்னும் ஜெர்மானியப் பெருங்கார்கள் அவை. விலையைக் கேட்போமாயின் வியப்பே மேலிடும். புதிய சிறு வண்டி ஒன்றுக்காக நடுத்தரக் குடும்பத்தார் சேர்த்து வைத்திருக்கும் தொகைக்கே, செல்வர் ஏறி உலவிய பெருவண்டி கிடைக்கும் என்கிறார் வணிகர். வண்ணமும் மங்கவில்லை, தோல் இருக்கையும் நலியவில்லை, கதவைச் சாத்தினால் எழும் ஓசையே தனி. இதனை வாங்கலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வாங்கவே கூடாதென்று அச்சுறுத்துவோர் உளர். வாங்காதவன் அறிவிலி என்பாரும் உளர். இருவர் கூற்றையும் நாம் ஏற்கவில்லை. ஆயினும் பேரம் பேசுவதற்கு முன்பே மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வண்டியின் விற்பனை விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. அதனைப் பேணும் செலவு அவ்வாறு இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது 60 லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டியை ஏழாம் ஆண்டில் 15 லட்சத்துக்கு நீங்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது 15 லட்ச ரூபாய் வண்டி. அதன் பிரேக்குத் தட்டுக்கும், முகவிளக்குக்கும், கியர்ப் பெட்டிக்கும் அது என்றும் 60 லட்ச ரூபாய் வண்டியே.

மோட்டார் வண்டி பிறந்த நாடு ஜெர்மனி எனலாம். கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமைப் பட்டயம் கோரியது 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள். அவர் மனைவியார் பெர்த்தா பென்ஸ் 1888 ஆகஸ்டில், கணவருக்குத் தெரிவியாமலே, மக்கள் இருவருடன் அத்தகைய வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு, ஓட்டிச் சென்றார். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார்; அடைத்துக்கொண்ட எண்ணெய்க் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சீராக்கினார்; தேய்ந்த பிரேக்குக்குச் செம்மானிடம் தோல் தைக்கச் செய்தார். அவ்வழியில் வந்த இற்றை நாள் வண்டியில் ஊசி நுழைய இடமில்லை. பல்வேறு கணிப்பொறிச் சிறு பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு ஓட்டும் வண்டி அது. கோளாறு யாதென அதனிடமே கருவி கொண்டு கேட்டறிய வேண்டும். ஆடி என்னும் பெயர்க்கு இலத்தீன் மொழியில் ‘கேள்’ என்பது பொருள் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். நிறுவியவர் பெயர் ஹோர்க். ஜெர்மன் மொழியில் அதற்கும் அதுவே பொருள்.

நம் நாட்டில் மெர்சிடிஸ் வண்டிகள் 1995 முதல் புனே நகரத்திலும், பி.எம்.டபிள்யூ வண்டிகள் 2007 முதல் சென்னையை அடுத்த செங்கற்பட்டுப் பக்கத்திலும் பூட்டி இணைக்கப்பெறுகின்றன. இங்கே இணைக்கப்பெறுவதால் உதிரிப் பாகங்களும் மலிவாகக் கிடைக்கும் எனக் கருதுவது பிழை. பல பாகங்கள் இன்றும் கடல் கடந்தே வருகின்றன.

இனி, விலை ஏன் இவ்வளவு விரைவாக வீழ்கிறது என்பதைக் காண்போம். இவ்வண்டிகளில் பல, நிறுவனங்களின் பெயரால் வாங்கப்பெற்றுத் தேய்மானம் எழுதி முடிக்கப்பெற்றவை. உற்பத்தியாளர் அளித்த உத்தரவாதக் காலம் முடிந்தவுடன் முதல் உடைமையாளர் புதியதற்கு மாறிவிடுகிறார். புதிய பெருவண்டிகளின் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாயிற்று. அதற்கு முன்னர் மேல்வரியும் சேர்த்து 50 விழுக்காடு வரை இருந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் உடன் இறங்கும் என்பது வெளிப்படை.

டில்லிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓட விடலாகாதென்றது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணங்காட்டி உடைமையாளர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாமென இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் அப்பாதுகாப்பைப் பாரத் 4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கென வரையறுத்தது. நீதிமன்றத்தில் நிலைமை இவ்வாறு மாறி வருவதால், எட்டாண்டு டீசல் வண்டியை டில்லியில் வைத்திருப்பவர் மனநிம்மதியோடு இருப்பதில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிட விழைகிறார். அவ்வண்டிகள் பிற மாநிலங்களுக்குப் பயணமாகின்றன. கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் ‘டில்லி வண்டி’ என்றொரு வகை பேசப்படுவது இதனாலேயே.

அவ்வாறு தொலைவிலிருந்து வாங்குவோர் மறக்கும் கணக்கொன்று உண்டு. வேற்று மாநிலத்தில் மீண்டும் பதிவு செய்யும்போது வாழ்நாள் வரி கட்ட வேண்டும். பல மாநிலங்களில் இவ்வரி கணக்கிடப்படுவது, வண்டி புதிதாக இருந்தபோது அதற்கிருந்த விலையையும் அதன் வயதையும் கொண்டு. நீங்கள் பேரம் பேசிக் கொடுத்த தொகையைக் கொண்டன்று. டில்லியில் மிச்சம் பிடித்த தொகையில் பெரும்பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே தீர்ந்துபோவதுண்டு. தொகையை முன்கூட்டியே கேட்டறிந்து, விலையோடு கூட்டிப் பார்த்தல் நன்று.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்குச் சொற்களின் மீது ஐயம் மிகுதி. இவ்வணிகத்தில் எம் கண்ணில் பட்ட சொற்களுள் ஒன்று ‘வாழ்நாள் எண்ணெய்’ என்பது. தானியங்கிக் கியர்ப் பெட்டியில் இடும் எண்ணெய் வண்டியின் வாழ்நாள் முழுமைக்கும் போதும். மாற்றவே வேண்டுவதில்லை என்பது இதன் விளக்கம். யாருடைய வாழ்நாள்? அப்பெட்டிகளுள் பலவற்றைச் செய்து தரும் ‘இஸட்.எஃப்.’ என்னும் ஜெர்மானிய நிறுவனமோ, வண்டி ஓடும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. முதல் உடைமையாளர்க்கு மாற்றாத எண்ணெயால் தீங்கொன்றும் நேராது. அத்தொலைவு வருமுன்பே அவர் விற்றுவிடுவார். மாற்றாததன் பயனை நுகர்பவர் இரண்டாமவரோ மூன்றாமவரோ ஆவர். ஆதலின் பழைய வண்டியை வாங்கியவர், சிட்டையில் சான்று இல்லாவிடின், இவ்வெண்ணெயை உடனே மாற்றிவிடுதல் வேண்டும்.

ஜெர்மனியில் பழைய வண்டி வாங்குவோர் நம்மினும் வசதியான நிலையில் உள்ளனர். அங்கே தனியார் கார்கள் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். தேறியதற்கு அடையாளமாக எண்பலகையிலேயே வில்லை ஒட்டப்பெறும். நம் நாட்டில் தனியார் காருக்கு 15 ஆண்டு முடிந்த பின்னரே தகுதிச் சோதனை. மீட்டரைத் திருத்துவது அந்நாட்டில் 2005 முதல் தனிக் குற்றம். அந்நாட்டு விளம்பரங்களில் ‘ஷெக்ஹெஃப்ட்-கெஃப்லேக்ட்’ என்னும் சொல்லைக் காணலாம். சர்வீஸ் புத்தகத்தின்படி தவறாது பேணப்பெற்றது என்பது அதன் கருத்து. தமிழில் ஒரு சொல்லாக்க நாமும் முயன்றோம்; இயலவில்லை. பொருளே நம்மிடம் அரிதாக இருக்கையில் சொல் எங்ஙனம் அமையும்? இங்கே முதல் மூன்றாண்டுப் பக்கங்களில் முத்திரை நிறைந்திருக்கும். பின்னர்ப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அவ்வெறும் பக்கங்களே விலை இறக்கத்தின் உண்மையான காரணம்.

எம் அலுவலகத்து நண்பர் ஒருவரைப் பற்றி இங்கே கூற வேண்டும். பணி ஓய்வுக்கு ஆறாண்டு எஞ்சியிருந்த அவருக்கு இளமை முதலே இவ்வண்டிகளின் மீது காதல். வைப்பு நிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகையையும் வங்கிச் சேமிப்பையும் கூட்டிப் பார்த்து 14 லட்சம் என்று வரையறுத்துக்கொண்டார். மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கிய பணத்தின் பக்கம் கை நீளலாகாதென்று அவர் மனைவியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்நிலையில் டீசல் வண்டியொன்று அவர் கண்ணுக்கு அகப்பட்டது. ஏழாண்டு வயது, மீட்டரில் 46,000 கிலோமீட்டர், விலை பதின்மூன்றரை லட்சம். மறுநாள் காலை எங்களையும், தமக்கு நெடுநாள் பழக்கமான சர்தார்ஜி மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

மெக்கானிக் முதலில் எஞ்சின் மூடியின் மீது கையை வைத்தார். சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் நோய்கள் வெளிப்படும். முன்னரே கிளப்பிச் சூடேற்றி வைத்தவர் எதையோ மறைக்கிறார் என்றார். பிறகு டயர்களைப் பார்த்தார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். நான்கு டயர்களும் வெவ்வேறு ஆண்டின. இரண்டு வேறு நிறுவனத்தன. 46,000 கிலோமீட்டருக்கு இத்தனை முறை டயர் மாற்றுவானேன் என்பது அவர் வினா. ஸ்டியரிங்கின் தோல் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. பிரேக்கு மிதியின் ரப்பரிலோ வரிகளே இல்லை. இறுதியாகத் தம் கருவியை வண்டியில் பொருத்தினார். ஓடிய தொலைவைக் காட்டுவது கண்முன் உள்ள மீட்டர் ஒன்றேயன்று. இவ்வண்டிகளில் வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அதனைத் தத்தம் நினைவில் குறித்து வைக்கின்றன. மீட்டரைத் திருத்துவோர் பெரும்பாலும் அவையனைத்தையும் திருத்துவதில்லை. கியர்ப் பெட்டியின் நினைவில் 1,18,000 என்றிருந்தது.

விற்பவர் சற்றும் கலங்கவில்லை. உடனே இரண்டு லட்சம் குறைப்பதாகச் சொன்னார். நண்பர் தயங்கினார் என்பதை மறைப்பதற்கில்லை. வண்டி அவ்வளவு அழகாயிருந்தது. மெக்கானிக் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கணக்கெழுதிக் கொடுத்தார்: கியர்ப் பெட்டி எண்ணெயும் வடிகட்டியும், நான்கு டயர், முன் பின் பிரேக்குத் தட்டுகள், தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்கள், டர்போவில் கசிவு. கூட்டுத்தொகை குறைத்த இரண்டு லட்சத்தையும் விழுங்கி மேலும் கேட்டது. நண்பர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நான்கு மாதம் கழித்து, ஒரே கையில் இருந்ததும் புத்தகத்தில் முத்திரை இடையறாததுமான பெட்ரோல் வண்டியொன்றை 11 லட்சத்துக்கு வாங்கினார். அது சிறியது, இரண்டு வயது கூடியது. மிஞ்சிய 3 லட்சத்தைத் தனி வைப்பாக வங்கியில் போட்டு, வண்டிக்கன்றி வேறெதற்கும் தொடுவதில்லை என்று எழுதி வைத்தார். முதலாண்டில் தண்ணீர் பம்பு ஒன்றும், பாட்டரியும், இரண்டு டயரும் அவ்வைப்பிலிருந்து வாங்கப்பெற்றன. மகளின் கல்லூரிப் பணம் தொடப்படவில்லை.

பாட்டரி என்றவுடன் நினைவுக்கு வருகிறது. இவற்றுள் சில வண்டிகளில் புதிய பாட்டரியைப் பொருத்தினால் மட்டும் போதாது. புதியது வந்துள்ளதென்று வண்டியின் கணிப்பொறிக்குக் கருவி மூலம் அறிவித்தல் வேண்டும். தெருமுனைக் கடையில் மாற்றிக்கொண்டு வருபவர், பாட்டரி விரைவில் கெடுவதைக் கண்டு வியக்கிறார். அவ்வாறே பல வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது. காற்றிழந்தும் சிறிது தொலைவு ஓடக்கூடிய டயர்கள் அவற்றில் உள்ளன. அவற்றின் விலை மிகுதி. காற்றுப் பை சஸ்பென்ஷன் உடைய வண்டியை இரவு முழுதும் நின்றபின் விடியலில் போய்ப் பார்த்தல் வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருப்பின் பை கசிகிறதென்பது திண்ணம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்விலைக்கும் வாங்கலாகாது. 2015 டிசம்பரில் சென்னையில் பெருக்கெடுத்த வெள்ளத்தில் முழுகிய கார்கள் எத்தனையோ. அவற்றுள் பெருங்கார்களும் இருந்தன. இத்தகைய வண்டிகள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தாரால் ஏலம் விடப்பெற்று, தூய்மை செய்யப்பெற்று, தொலைவிலுள்ள ஊர்ச் சந்தைகளில் தலைகாட்டுவதுண்டு. ஜெர்மன் வண்டிகளில் மின்பெட்டிகளும் இணைப்புகளும் இருக்கைக்கு அடியிலும் கம்பளத்துக்குக் கீழும் பின்பெட்டியின் ஆழத்திலும் அமைந்துள்ளமையின், நீர் புகுந்தால் கேடு ஆண்டுக்கணக்கில் தொடரும். இருக்கைப் பட்டையை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். உட்பகுதியில் சேற்றின் கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்தில் துருவையும், ஸ்டெப்னிப் பள்ளத்தில் மண்ணையும் தேடுங்கள். வாசனைத் தைலம் மிகுதியாகத் தெளித்திருந்தால் ஐயம் கொள்வதே முறை.

டீசலா, பெட்ரோலா என்னும் வினாவுக்கு விடை நீங்கள் நாள்தோறும் செல்லும் தொலைவில் உள்ளது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் 6 தரத்து டீசல் வண்டிகளில் புகைக்கரியைத் தடுத்து வைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் அக்கரி எரிந்து வடிகட்டி தூய்மையாகும். வீட்டிலிருந்து அலுவலகம் வரை 5 கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து செல்பவர்க்கு அவ்வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலிலோ, 2025-இல் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய வண்டி எவ்வளவு கலப்பைத் தாங்கும் என்பதை எண்ணெய் மூடியின் உட்புற ஒட்டுத்தாளிலோ கையேட்டிலோ பார்த்தறியலாம்.

இனி ஏடுகள். உடைமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேற்று மாநிலம் செல்வதாயின் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. வங்கிக் கடன் இருந்து தீர்ந்ததாயின் படிவம் 35. பதிவுப் புத்தகத்தில் வங்கியின் பெயர் இன்னும் நிற்குமாயின், கடன் தீர்ந்ததென்னும் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் தருதல் ஆகாது. இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோரிக்கை இல்லாமைக்கான தள்ளுபடி பழைய உடைமையாளரோடு போய்விடும், வண்டியோடு வராது. ஆதலின் அவர் கட்டிவந்த தொகையே நமக்கும் என்று எண்ணலாகாது.

இவ்வளவும் கேட்டபின் இதை ஏன் வாங்க வேண்டுமென்று சில நேயர்கள் நினைக்கக்கூடும். நண்பரின் வண்டியில் டில்லியிலிருந்து ஜெய்ப்பூர் வரை ஒருமுறை சென்றோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னிருக்கையில் இருந்தவர்கள் குரலை உயர்த்தாமலே பேசிக்கொண்டு வந்தனர். திடீரென எருமை ஒன்று குறுக்கிட்டபோது வண்டி நெளியாமல், வழுக்காமல், கயிற்றால் இழுத்தாற்போல் நின்றது. பத்தாண்டுக்கு முன் ஒருவர் பெருந்தொகை கொடுத்தது இதற்காகவே என்பது அப்போது விளங்கிற்று. தேர்ந்து வாங்கிப் பேணி வைத்திருப்பவர்க்கு இந்நலன் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதும் உண்மையே.

விற்கும் நாளைப் பற்றியும் ஒரு சொல். பழைய வண்டி பல கை மாறுவது. தரகரிடம் வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டுத் தந்துவிட்டு, பணத்தைப் பெற்றவுடன் மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றில், வண்டி விற்கப்பட்டுக் கைகள் பல மாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் மாறாமையால் விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு முதலில் விற்றவர் மீதே சுமத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைப்போர் படிவம் 29-சி வழியே அதனைப் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். அன்று முதல் பொறுப்பு வணிகரைச் சாரும். தனியாருக்கு விற்பவர், பெயர் மாறியதை வாகன் இணையதளத்தில் தாமே பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒப்படைத்த நாளும் நேரமும் குறித்து வாங்குபவர் கையொப்பமிட்ட தாளின் படியொன்றைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.